ஒட்டவே ஒட்டாத டெஃப்லானை ஒட்ட வைத்த கதை

இந்த முறை கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் வரலாறு, கடைசியில் கொஞ்சம் நம்ம ஊர் விஷயம். பொறுமையாகப் படியுங்கள்.

குழாய் ரிப்பேருக்கு வரும் பிளம்பரின் பையில் ஒரு வெள்ளை டேப் இருக்கும். மரையில் நாலு சுற்று சுற்றிக் குழாயை முடுக்கினால் தண்ணீர் கசியாது. அதை எல்லோரும் டெஃப்லான் டேப் என்கிறோம். பெயர்தான் டேப், ஆனால் அதில் ஒரு துளி பசை கிடையாது. நீங்களாகப் பசை தடவினாலும் உரிந்து வந்துவிடும். தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்வோமே, அந்த மாதிரி எதனோடும் சேராத பொருள் அது.

இங்கேதான் கேள்வி வருகிறது. எதுவுமே ஒட்டாத பொருள் என்றால், நான்ஸ்டிக் தோசைக்கல்லில் அந்தக் கறுப்புப் பூச்சு மட்டும் எப்படி ஒட்டி நிற்கிறது? தோசை ஒட்டக் கூடாது, பூச்சு கல்லை விட்டு விலகவும் கூடாது. ஒரே பொருளிடம் இரண்டு எதிரெதிர் வேலைகளைக் கேட்கிறோம். இந்த முரண்பாட்டைத் தீர்க்க மனிதர்கள் எண்பது வருடங்களுக்கும் மேலாகச் செய்த முயற்சிகளின் கதைதான் இது.

சிலிண்டருக்குள் கிடைத்த வெள்ளைப் பொடி

1938-ஆம் ஆண்டு ஏப்ரல் 6. அமெரிக்காவின் நியூஜெர்சியில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். ராய் பிளங்கெட் என்ற 27 வயது வேதியியலாளர் ஃபிரிட்ஜில் பயன்படும் புது வாயுக்களைத் தேடிக் கொண்டிருந்தார். அதற்காக டெட்ராஃபுளோரோஎத்திலீன் வாயுவைச் சிறு சிலிண்டர்களில் அடைத்து வைத்திருந்தார். அன்று காலை வால்வைத் திறந்தபோது வாயு வரவில்லை. ஆனால் சிலிண்டரின் எடை குறையவும் இல்லை. வாயு எங்கே போனது?

சிலிண்டரை அறுத்துப் பார்த்தால் உள்ளே மெழுகு போல வழவழப்பான வெள்ளைப் பொடி. வாயு மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றோடு ஒன்று கைகோர்த்து நீண்ட சங்கிலியாகிவிட்டன. அதுதான் பாலிடெட்ராஃபுளோரோஎத்திலீன். 1941-இல் காப்புரிமை கிடைத்தது, 1945-இல் டெஃப்லான் என்ற பெயர் பதிவானது.

அதன் முதல் பெரிய வேலை சமையலறையில் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டுத் திட்டத்துக்காக யுரேனியத்தைப் பிரித்தபோது யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு என்ற வாயுவைக் கையாள வேண்டியிருந்தது. தொட்டதையெல்லாம் அரிக்கும் வாயு அது. அதைத் தாங்கி நின்ற மிகச் சில பொருட்களில் டெஃப்லானும் ஒன்று. குழாய் இணைப்புகளுக்கும் சீல்களுக்கும் அதைப் பயன்படுத்தினார்கள்.

ஏன் ஒட்டுவதில்லை?

டெஃப்லானின் உள்ளே ஒரு கார்பன் சங்கிலி. அந்தச் சங்கிலியைச் சுற்றி வெளியே முழுக்க ஃபுளோரின் அணுக்கள், உடம்பு முழுவதும் கவசம் போட்ட மாதிரி. கார்பனுக்கும் ஃபுளோரினுக்கும் உள்ள பிணைப்பு கரிம வேதியியலில் மிக வலுவான ஒற்றைப் பிணைப்புகளில் ஒன்று. ஃபுளோரின் தன் எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதால் பக்கத்தில் வரும் மூலக்கூறோடு அது உறவு கொள்ள விரும்புவதில்லை.

இதை எண்ணாக மாற்றியவர் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் வில்லியம் ஜிஸ்மன். 1950-களில் அவரது குழுவினர் பலவகைத் திரவங்களை டெஃப்லான் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு துளியும் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அளந்தார்கள். துளி பரவிப் படுத்தால் ஒட்டும், உருண்டு நின்றால் ஒட்டாது. சுருக்கமாகச் சொன்னால், திரவத்தின் பரப்பு இழுவிசை திடப்பொருளின் அளவுக்குள் இருந்தால்தான் அது நன்றாகப் பரவும். டெஃப்லானுக்கு அவர்கள் கண்ட அளவு மீட்டருக்குச் சுமார் 18 மில்லிநியூட்டன். தண்ணீரின் இழுவிசை சுமார் 72. சாதாரண பாலித்தீனுக்கே 31 வரும். அதனால்தான் டெஃப்லான் மேல் தண்ணீர்த் துளி 108 டிகிரிக்கும் மேலான கோணத்தில் முத்து மாதிரி நிற்கிறது. நாம் பயன்படுத்தும் பசைகள் பெரும்பாலானவற்றுக்கும் இதே கதிதான்.

முதல் வழி: சொரசொரப்பு

1954-இல் பிரான்ஸில் மார்க் கிரெகுவார் என்ற பொறியாளர் தூண்டில் கயிறு சிக்காமல் இருக்க டெஃப்லான் பூசிப் பார்த்துக் கொண்டிருந்தார். அவர் மனைவி கொலெட், அதை என் சமையல் பாத்திரத்தில் பூசிக் கொடுங்கள் என்று கேட்டதாகச் சொல்வார்கள். அலுமினியத்தை அமிலத்தால் அரித்துக் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கி, அதன் மேல் டெஃப்லானைப் போட்டுச் சூடாக்கினால் அது குழிகளுக்குள் இறங்கிப் பிடித்துக் கொள்ளும். 1956-இல் டெஃபால் நிறுவனம் பிறந்தது. டெஃப்லான், அலுமினியம் இரண்டின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது.

இதில் டெஃப்லானின் குணம் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். மாறியது அலுமினியம்தான். அம்மிக்கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்குகிற மாதிரி கீழே உள்ள உலோகத்தைக் கொத்திவிட்டு, உருகிய பூச்சை அதில் மாட்டிவிட்டார்கள். இன்றைய பாத்திரங்களில் மணல் வீசிச் சொரசொரப்பாக்கி, நடுவில் உலோகத்தோடு ஒட்டக்கூடிய வேறொரு பிசின் கலந்த முதல் கோட் கொடுக்கிறார்கள். அடிப்படை யோசனை அதேதான்.

ஆனால் பாத்திரம் ஒரு சின்ன உலகம். ஏற்கனவே தயாரான டெஃப்லான் ஃபிலிமை ரப்பரோடு சேர்த்து சீல் செய்ய வேண்டும், அமிலத் தொட்டிக்குள் ஷீட்டாக ஒட்ட வேண்டும், ஒரு பக்கம் பசை உள்ள டேப் ஆக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? இங்கே உருக்கிக் குழிக்குள் இறக்க முடியாது. டெஃப்லானின் முகத்தையே மாற்றியாக வேண்டும்.

இரண்டாம் வழி: சோடியம்

1950-களின் கடைசியில் விடை கிடைத்தது. 1958-இல் நெல்சன், கில்டஃப், பெண்டர்லி என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். சோடியம் உலோகத்தை நாஃப்தலீனோடு சேர்த்து ஒரு கரைப்பானில் கரைக்க வேண்டும். நாஃப்தலீன் வேறொன்றுமில்லை, பீரோவில் போடும் அந்துருண்டைதான். கிடைப்பது கரும்பச்சை நிறத் திரவம். அதில் டெஃப்லானைச் சிறிது நேரம் முக்கி எடுத்தால் சோடியம் மேற்பரப்பில் உள்ள ஃபுளோரினைப் பறித்துக் கொள்ளும். வெள்ளை ஃபிலிம் பழுப்பாகி வெளியே வரும். அந்தப் பழுப்பு முகத்தில் எபாக்ஸி பசை நன்றாகப் பிடிக்கும்.

இது அருமையாக வேலை செய்யும் முறை, அதில் சந்தேகம் இல்லை. பழுப்பான ஃபிலிமை வெளிச்சம் படாமல் சுற்றி வைத்தால் மாதக் கணக்கில் கெடாது. இன்றும் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது.

சிக்கல் அந்தத் திரவத்தில். சோடியம் தண்ணீரோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று பத்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். கரைப்பானோ எளிதில் தீப்பற்றும். திரவம் தன் வேலையை முடித்த பிறகு ஃபுளோரைடு உப்பு கலந்த கழிவாக மிஞ்சும். அதைச் சாக்கடையில் ஊற்ற முடியாது, ஊற்றவும் கூடாது. வெயில் பட்டால் ஒட்டிய இடம் நாளடைவில் வலுவிழக்கும் என்பது வேறு.

மூன்றாம் வழி: பிளாஸ்மா

திரவமே இல்லாமல் ஃபுளோரினைப் பறிக்க முடியுமா? இங்கேதான் பிளாஸ்மா வருகிறது.

திடம், திரவம், வாயு என்று மூன்று நிலைகளைப் படித்தோம். வாயுவுக்கு மேலும் ஆற்றல் கொடுத்தால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து ஓடும். 1879-இல் வில்லியம் குரூக்ஸ் இதைப் பருப்பொருளின் நான்காவது நிலை என்று கருதினார். 1928-இல் இர்விங் லாங்மியூர் பிளாஸ்மா என்று பெயர் வைத்தார். இடையில் 1920-இல் நம்ம மேகநாத் சாஹா, எந்த வெப்பத்தில் எவ்வளவு அணுக்கள் அயனியாகும் என்று கணக்கிடும் சமன்பாட்டைக் கொடுத்தார். விண்மீன்களைப் படிக்க உதவிய அந்தச் சமன்பாடு பிளாஸ்மா இயற்பியலின் அடித்தளங்களில் ஒன்று.

பிளாஸ்மா என்றால் சூரியன் மாதிரி கொதிக்கும் என்று பயப்பட வேண்டாம். வீட்டு ட்யூப்லைட்டுக்குள் ஒளிர்வதும் பிளாஸ்மாதான். அதில் எலக்ட்ரான்கள் மட்டும் வேகமாக இருக்கும், வாயு அவ்வளவாகச் சூடாகாது. அதனால் பிளாஸ்டிக்கை அதற்குள் வைத்தாலும் உருகாது.

தொழிலில் இதற்கு முதல் இடம் பிடித்துக் கொடுத்தது அச்சுத் துறை. பாலித்தீன் ஃபிலிமில் மை நிற்கவில்லை என்ற பிரச்சினைக்காக 1951-இல் டென்மார்க்கைச் சேர்ந்த வெர்னர் ஐஸ்பி கொரோனா மின்னிறக்க முறையை உருவாக்கினார். உயர் மின்னழுத்தம் கொடுத்த கம்பிக்குக் கீழே ஃபிலிமை ஓட விடுவது அந்த முறை. பால் பாக்கெட்டில் எழுத்து அழியாமல் இருக்கிறதே, அதற்குக் காரணம் அச்சடிப்பதற்கு முன் ஃபிலிமுக்குக் கொடுக்கும் இந்த மின் குளியல்தான். ஆனால் டெஃப்லானின் கவசத்துக்கு, சாதாரணக் காற்றில் செய்யும் கொரோனா போதவில்லை.

1966-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஹான்சன், ஷோன்ஹார்ன் இருவரும் அடுத்த அடியை எடுத்து வைத்தார்கள். காற்றை உறிஞ்சி எடுத்த அறையில் ஹீலியம் போன்ற மந்த வாயுவைச் சிறிதளவு விட்டு, மின்சாரத்தால் ஒளிரச் செய்து, அதில் பாலிமர் ஃபிலிமைக் காட்டினார்கள். ஒட்டும் வலு பல மடங்கு ஏறியது. இதற்கு அவர்கள் சொன்ன காரணம் சுவாரசியமானது. ஃபிலிமின் மேல் தோல் பலவீனமாக இருப்பதால்தான் பசை உரிந்து வருகிறது, பிளாஸ்மா அந்தத் தோலில் உள்ள சங்கிலிகளைக் குறுக்கே பின்னி உறுதியாக்குகிறது என்றார்கள். பரப்பின் ஈரமாகும் தன்மை மாறுவதுதான் முக்கியம் என்றவர்களும் இருந்தார்கள். இந்த விவாதம் பல ஆண்டுகள் ஓடியது.

இப்போது நமக்குத் தெரிந்தவரை இரண்டுக்கும் பங்கு உண்டு. பிளாஸ்மாவில் உள்ள அயனிகளும் புற ஊதா ஒளியும் மோதும்போது கார்பன்-ஃபுளோரின் பிணைப்புகள் அறுபடுகின்றன. கை காலியான கார்பன்கள் சில ஒன்றோடு ஒன்று பின்னிக் கொள்கின்றன. வேறு சில, ஃபிலிமை வெளியே எடுத்ததும் காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்துக் கொள்கின்றன. அந்த ஆக்சிஜன்தான் பசைக்குக் கைப்பிடி. ஆக்சிஜன் பிளாஸ்மா டெஃப்லானைப் பெரும்பாலும் செதுக்கத்தான் செய்கிறது, ஃபுளோரினைப் பறிக்க ஹைட்ரஜன், அம்மோனியா போன்றவை நன்றாக உதவுகின்றன என்பதும் பிறகு தெரிய வந்தது.

இத்தனையும் நடப்பது மேலே உள்ள சில நானோமீட்டர் ஆழத்தில் மட்டும். தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குக் கீழே டெஃப்லான் டெஃப்லானாகவே இருக்கும், அமிலத்தையும் சூட்டையும் தாங்கும்.

இந்தியாவுக்கு வந்த விதம்

நம் நாட்டில் நான்ஸ்டிக் பாத்திரம் என்றாலே பலருக்கு நினைவுக்கு வரும் நிர்லெப், 1968-இல் அவுரங்காபாத்தில் தொடங்கியது. சமஸ்கிருதத்தில் அதன் பொருளே ஒட்டாதது என்பதுதான்! 1983-இல் பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் ஃபுளோரோகார்பன்ஸ் ஏற்படுத்தப்பட்டு, ஹைதராபாத் அருகே ருத்ராரத்தில் இந்தப் பாலிமரைத் தயாரித்தது. நஷ்டத்தில் ஓடிய அதை மூட 2020 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

பிளாஸ்மா பக்கம் பார்த்தால், 1986-இல் காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. முதன்மை நோக்கம் அணுக்கரு இணைவு. அங்கே 1989-இல் ஆதித்யா டோகாமாக் இயங்கத் தொடங்கியது. இதே அறிவைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டு போக 1997-இல் தனி மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த மையத்தின் வேலைகளில் எனக்குப் பிடித்தது அங்கோரா முயல் ரோமம். அந்த ரோமம் அவ்வளவு வழவழப்பு, நூலாக நூற்றால் நழுவி உதிரும். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து அதைப் பிளாஸ்மாவில் காட்டி, இழைகளுக்கிடையே உராய்வை ஏற்றி, நூற்க முடியும்படி செய்தார்கள். அதுவும் வெற்றிட அறை இல்லாமல், சாதாரணக் காற்றழுத்தத்திலேயே. வழுக்கும் பரப்பைப் பிடிக்க வைப்பது என்ற வகையில் இதுவும் டெஃப்லான் பிரச்சினையின் சொந்தக்காரன்தான்.

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் முகவரி கோவை. பாரதியார் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் செல்வராஜன், நவநீத பாண்டியராஜ் ஆகியோர் மும்பையின் தேஷ்முக்கோடு சேர்ந்து, பாலிபுரொப்பிலீன், பாலியெஸ்டர் ஃபிலிம்களை நேர்மின்சார ஒளிர் மின்னிறக்கத்தில் காட்டி ஆராய்ந்தார்கள். 2008-இல் வெளியான அவர்கள் கட்டுரை, தண்ணீர்த் துளியின் கோணத்தோடு நிற்காமல், ஒட்டியதை உரித்தும் இழுத்தும் பார்த்து வலுவை அளந்தது. இவை டெஃப்லான் அளவுக்குப் பிடிவாதம் பிடிப்பவை அல்ல. ஆனாலும் எளிதில் பெயின்டும் பசையும் ஏற்காத, தொழிலில் மிக அதிகம் புழங்கும் ஃபிலிம்கள்.

சரி, கும்மிடிப்பூண்டிக்கு என்ன?

சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது கும்மிடிப்பூண்டி. 1971-இல் தொடங்கிய சிப்காட் நிறுவனம் அமைத்த தொழில் வளாகங்களில் ஒன்று இங்கே. 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமானபோது அம்பத்தூர், ஆவடி, மணலி, கும்மிடிப்பூண்டி என்று தமிழ்நாட்டின் முக்கியமான தொழில் பகுதிகள் பல இந்த ஒரே மாவட்டத்தில் வந்தன. வாகன உதிரி பாகம், ரசாயனம், பேக்கிங் என்று, ஒட்டுவதும் பூசுவதும் அன்றாட வேலையாக உள்ள தொழில்கள் இவை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது மணலிக்கு 76.32 கிடைத்தது. பரீட்சையில் என்றால் சந்தோஷப்படலாம். இங்கே 70-ஐத் தாண்டினால் மிக மோசமாக மாசடைந்த பகுதி என்று பொருள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் அபாயக் கழிவுகளைப் பதப்படுத்திப் புதைக்கும் தளம் ஒன்று இருக்கிறது. வேறு இடங்களில் உண்டாகும் கழிவும் லாரியில் ஏறி இங்கே வருகிறது. ஆக, சோடியம் முறை போன்ற ஈரமான ரசாயன வேலை எங்கே நடந்தாலும், அதன் மிச்சம் கடைசியில் வந்து சேரக்கூடிய மண் இதுதான்.

அப்படியென்றால் எல்லோரும் ஏன் பிளாஸ்மாவுக்கு மாறக் கூடாது? கேட்பது சுலபம். ஒரு சிறு ஜாப் வொர்க் ஷெட் முதலாளியின் இடத்தில் நின்று பாருங்கள். சோடியம் திரவத்தை ஆர்டர் வரும்போது ஒரு டப்பா வாங்கினால் போதும். பிளாஸ்மாவுக்கு வெற்றிட அறை, பம்ப், மின் சாதனம் என்று முதலிலேயே கடன் வாங்க வேண்டும். ஆர்டர் வராத மாதத்திலும் வட்டி ஓடும். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டில், அறையிலிருந்து காற்றை உறிஞ்சிக் கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் அந்த பேட்ச் முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

அடுத்தது ஆயுள். பிளாஸ்மாவில் காட்டிய பல பாலிமர்கள் நாளாக ஆகப் பழைய குணத்துக்குத் திரும்பும். மேலே வந்த ஆக்சிஜன் குழுக்கள் மெல்ல உள்ளே திரும்பிக் கொள்ளும். ஆகவே கோவையிலோ காந்திநகரிலோ பதப்படுத்தி லாரியில் ஏற்றி, வாரங்கள் கழித்துக் கும்மிடிப்பூண்டியில் பசை தடவுவது நம்பகமான வழி இல்லை. இயந்திரம் ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சோடியம் முறைதான் மேல்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல ஆசைப்படுகிறேன். சோடியம் டப்பா மலிவு என்று தோன்றுவதற்குக் காரணம் அதன் பில்லில் எழுதாத செலவுகள். கையுறை இல்லாமல் முக்கி எடுக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் கை, தீ விபத்துக்கான பயம், கழிவு போய்ச் சேரும் ஊரின் நிலத்தடி நீர், இவை எந்தக் கொட்டேஷனிலும் வருவதில்லை. பிளாஸ்மா இயந்திரத்தின் விலை மட்டும் முழுதாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு விலைச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று அதிகம் என்று சொல்வது சரியான கணக்கு ஆகாது.

வழி இல்லாமல் இல்லை. சிறு தொழில்கள் கூட்டாகப் பயன்படுத்தும் பொது வசதி மையங்களுக்கு மத்திய அரசின் தொகுப்பு வளர்ச்சித் திட்டம் பணம் கொடுக்கிறது. பிளாஸ்டிக் பொறியியலுக்கென்றே 1968-இல் தொடங்கிய சிப்பெட் கிண்டியில் இருக்கிறது. ஒரு ஷெட் தனியாக வாங்க முடியாத இயந்திரத்தை ஒரு எஸ்டேட் சேர்ந்து வாங்கலாம். காலையில் பதப்படுத்தி மாலைக்குள் ஒட்டிவிடும் தூரத்தில் அது இருந்தால், ஆயுள் பிரச்சினையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்மா எல்லாப் பாவத்தையும் கழுவாது. டெஃப்லான் தயாரிப்பில் பயன்பட்ட சி-8 என்ற ரசாயனம் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் குடிநீரில் கலந்து, 2001-இல் வழக்காகி, 2015-க்குள் அங்கே கைவிடப்பட்ட கதை தனி. ஃபுளோரின் பாலிமர்களே வேண்டுமா என்ற கேள்வி இன்றும் உலகம் முழுக்க நடக்கிறது. பிளாஸ்மா அறையிலிருந்து வெளியேறும் வாயுவிலும் ஃபுளோரின் சேர்மங்கள் இருக்கும், அதையும் வடிகட்ட வேண்டும். பிளாஸ்மா தவிர்ப்பது அந்தக் கரும்பச்சைத் திரவத்தையும் அதன் கழிவையும்தான். ஆனால் அந்தத் திரவத்தின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இந்த மாவட்டத்தில் பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் படிக்கும் நண்பர்கள் நிறையப் பேர் கடைசி வருடத்தில் என்ன பிராஜெக்ட் செய்வது என்று தேடிக் கொண்டிருப்பீர்கள். தண்ணீர்த் துளியின் கோணத்தை அளக்க ஒரு கேமராவும் ஒரு ஊசியும் போதும். பக்கத்து எஸ்டேட்டில் என்ன ஒட்டுகிறார்கள், எதனால் ஒட்டுகிறார்கள், ஒட்டியது எத்தனை நாள் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மறுபடி சந்திப்போம்.